சாய்ந்தது வேலி, பழுது மண்ணுக்குள்ளே

தோட்டம் – வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆடிக் காற்று ஓய்ந்ததும் வேலிக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். மலையோர ஊர்களிலிருந்தும், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தமிழ் வாசகர்களிடமிருந்தும் வந்தவற்றில் சில இங்கே.

வீட்டுக்கு மேற்கே 60 அடி நீளம், 5 அடி உயரம் பலகை வேலி. 9 கால்கள். இந்த வருடக் காற்றில் மொத்தமாகக் கிழக்கே சாய்ந்துவிட்டது. பலகை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆசாரி, பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். நிமிர்த்தவே முடியாதா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

முடியும். பலகையும் குறுக்குச் சட்டமும் நன்றாக இருக்கும் வேலியைப் பிடுங்குவது, செருப்பு வார் அறுந்ததற்குக் காலை மாற்றுகிற கதை. பழுது இருப்பது தரைமட்டத்தில் ஒரு சாண் இடத்தில்தான். அதை முதலில் கண்டுபிடியுங்கள்.

ஒருவர் வேலிக்காலை நெஞ்சு உயரத்தில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டட்டும். இன்னொருவர் குனிந்து அடியைப் பார்க்கட்டும். கால் அசையும்போது சுற்றியுள்ள மண்ணும் வாய் திறந்து மூடினால், மரம் நன்றாக இருக்கிறது, மண்தான் பிடிவிட்டது. மண்ணோ கான்கிரீட்டோ அசையாமல் கால் மட்டும் அசைந்தால், தரைமட்டத்தில் மரம் உளுத்துவிட்டது. எதுவும் அசையாமல் கால் சாய்ந்தபடியே இறுகி நின்றால், கான்கிரீட்டே குழியோடு திரும்பியிருக்கிறது. எதுவானாலும் ஒவ்வொரு காலைச் சுற்றியும் முக்கால் அடி ஆழம் மண்ணை விலக்கி, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் நுனி மட்டும் பதியும். விரல் அகலத்துக்கு உள்ளே போனால் அந்தக் கால் போயிற்று. 9 கால்களுக்கும் சாக்பீஸால் குறி போட்டுக்கொள்ளுங்கள். மூன்று நான்கு கால் மட்டும் உளுத்திருந்தால் பழுது பார்ப்பதே லாபம். ஆறுக்கு மேல் போய், சட்டங்களின் முனையும் ஆணி பிடிக்காத அளவுக்கு மக்கியிருந்தால், ஆசாரி சொல்வது சரி.

நிமிர்த்தும் வேலைக்கு நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் ஆன ஈர மண் தோதானது. காய்ந்த மண்ணில் இழுத்தால் கால் தரைமட்டத்தில் முறியும். கால் கிழக்கே சாய்ந்திருப்பதால் மேற்குப் பக்க மண்ணை ஒன்றரை அடி ஆழத்துக்கு எடுங்கள், நிமிரும் கால் வந்து நிற்க இடம் வேண்டுமே. பலகைகளின் அடி மண்ணில் புதைந்திருந்தால் அதற்குக் கீழேயும் இரண்டு அங்குலம் காலி செய்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு, வேலி வர மறுக்கிறது என்று கயிற்றோடு மல்லுக்கட்டுபவர்கள் அதிகம்.

காலின் முக்கால் உயரத்தில் சாக்கு சுற்றி, அதன்மேல் கயிறு கட்டி, செயின் புல்லியிலோ லாரிச் சரக்கு இறுக்கும் ராட்செட் பெல்ட்டிலோ மாட்டி மேற்கே இழுக்க வேண்டும். மேற்கே மரமோ இடமோ இல்லையென்றால் கிழக்கேயிருந்து தள்ளலாம். காலில் ஒரு கட்டையை ஆணியடித்து, அதற்கு அடியில் நான்கு அங்குலச் சவுக்குக் கம்பைச் சாய்வாகக் கொடுத்து, கம்பின் கீழ்முனைக்கும் தரையில் அடித்த முளைக்கும் நடுவே கார் ஜாக்கியை வைத்துத் தூக்குங்கள். இழுத்தாலும் தள்ளினாலும் ஒரே காலை ஒரே மூச்சில் நிமிர்த்தக் கூடாது. ஒவ்வொரு காலுக்கும் அரை அங்குலம் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், ஒன்பதும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒரு காலை மட்டும் முழுக்க நிமிர்த்தினால் இரு பக்கச் சட்டங்களும் ஆணியோடு பிய்ந்து வரும். தூக்குக்குண்டு பார்த்து நேரானதும் இரண்டு திசையில் முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள்.

மண் பிடிவிட்ட கால்களுக்குச் சிமென்ட் தேவையில்லை. குழியில் அடியிலிருந்து ஒன்றரை அங்குல ஜல்லியும் உடைந்த செங்கலும் மண்ணும் கலந்து, அரை அடிக்கு ஒரு தடவை திமிசு (மண் இடிக்கும் கட்டை) போட்டு இறுக்க வேண்டும். குழியை நிரப்பிவிட்டு மேலே மட்டும் மிதிப்பது வேலைக்காகாது, கீழ்மண் பொலபொலவென்றே இருக்கும். கிட்டித்த இடத்தில் கடப்பாரை முனை இறங்கக் கூடாது. அதுதான் கணக்கு.

உளுத்த கால்களுக்கு இரும்புத் தாங்கு. 50 × 50 × 6 மில்லிமீட்டர் எல் ஆங்கிள், 5 அடித் துண்டு ஒன்று சுமார் 7 கிலோ வரும். பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. ரெட் ஆக்சைடு அடித்து, புதையும் பாதியில் அதன்மேல் தாரும் பூசுங்கள். மரத்தில் துளையிட்டு 12 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு, பெரிய வாஷரோடு: ஒன்று தரையிலிருந்து அரை அடி மேலே, மற்றது இரண்டடி மேலே. இரண்டையும் நெருக்கி வைத்தால் காற்றில் மரம் பிளக்கும். ஆங்கிளைக் காற்று தள்ளும் பக்கமாக, உங்களுக்குக் கிழக்கே, வையுங்கள். கால் இரும்பின்மேல் சாய்ந்து நிற்கும், போல்ட்டின் மேல் இழுப்பு குறையும். உளுத்த அடியைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே அறுத்துவிடுங்கள். மரம் மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், இனி அது உளுக்காது.

ஆங்கிளுக்குக் குழி ஓர் அடி அகலம், இரண்டரை அடி ஆழம். ஒரு சட்டி சிமென்ட், இரண்டு சட்டி எம்-சாண்ட், நான்கு சட்டி முக்கால் அங்குல ஜல்லி. 50 கிலோ மூட்டையில் இப்படி இரண்டு குழி தாராளமாக நிரம்பும், மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம். மேல்பக்கத்தைத் தரைக்கு இரண்டு அங்குலம் உயர்த்தி, நாலாபக்கமும் சரிவாகத் தேய்த்து விடுங்கள். மட்டமாகவோ குழிவாகவோ விட்டால் மழைநீர் தேங்கும். முட்டுகளை மூன்று நாளைக்கு எடுக்கக் கூடாது, ஒரு வாரம் நனைத்து வாருங்கள். பழைய கான்கிரீட் கட்டி குழியில் இருந்தால் அதை உடைத்து எடுக்கப் பாடுபட வேண்டாம். ஓர் அடி தள்ளிப் புது இடைக்கால் நட்டுச் சட்டத்தோடு ஆணியடித்தால் போதும்.

இத்தனையும் செய்துவிட்டுப் பலகையை முன்புபோலவே நெருக்கி விட்டீர்களானால் அடுத்த ஆடியில் மறுபடி எழுதுவீர்கள். ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்றுக்கு உங்கள் வேலி ஒரு பாய்மரம். இரண்டு கால்களுக்கு இடையே ஏழரை அடி, உயரம் 5 அடி என்றால், மணிக்கு 50 கி.மீ. காற்றில் ஒரு காலின் மேல் சுமார் 40 கிலோ சுமை விழும், 70 கி.மீ. காற்றில் அது 80 கிலோ. வேகம் கொஞ்சம் கூடினாலே தள்ளும் பலம் இரட்டிப்பாகிவிடுகிறது. ஆகவே பலகைகளைக் கழற்றி ஓர் அங்குல இடைவெளியில் மறுபடி அடியுங்கள். மிஞ்சும் பலகை பின்னால் பழுதுக்கு ஆகும்.

எங்கள் தோட்டம் கரிசல் மண். கோடையில் கால்கள் லொடலொடவென்று ஆடுகின்றன, முதல் மழைக்கு ஆளுக்கொரு பக்கம் சாய்கின்றன. போன வருடம் சிமென்ட் போட்டும் இரண்டு கால் கட்டியோடு மேலே எழும்பி நிற்கிறது. என்ன காரணம்?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

கேரளத்தில் கரிசல் இருப்பதே உங்கள் சித்தூர்ப் பக்கம்தான், அதனால் அங்குள்ள மற்ற ஊர்க் கொத்தனார்களுக்கு இதன் குணம் பழகியிருக்காது. கரிசல் காய்ந்தால் சுருங்கிக் காலைச் சுற்றி விரல் நுழையும் வெடிப்பு விடும். முதல் மழை நேராக அந்த வெடிப்பில் இறங்கி அடிமண்ணைக் குழைத்துவிடும். பிறகு மண் ஊதும். ஊதும்போது சிமென்ட் கட்டியின் பக்கங்களைப் பற்றி மேலே தூக்கும். உங்கள் கட்டி மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்திருக்கும். மண்வெட்டியால் தோண்டும் குழி எப்போதும் அப்படித்தான் வரும். மண்ணுக்கு அது பிடிபோட்ட மாதிரி.

குழியை ஒன்றரை அடி அகலம், மூன்றடி ஆழம் எடுத்து, எடுத்த கரிசலை வேறெங்காவது கொட்டிவிடுங்கள், திரும்பக் குழியில் போட வேண்டாம். காலைச் சுற்றிச் செம்மண் கிராவலை அரை அடிக்கு ஒரு தடவை நனைத்துத் திமிசு போட்டு நிரப்புங்கள். கிராவல் ஊதாது, வெடிக்காது. மேலே ஒரு சாண் உயரம் மேடு கட்டி, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுங்கள். சிமென்ட்தான் போட வேண்டுமென்றால் குழியின் அடி அகன்று, கழுத்து குறுகி, குடம் மாதிரி இருக்கட்டும். மழை நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஊதின மண்ணில் இறுக்கியது கோடையில் மறுபடி ஆடும்.

சில்வர் ஓக், யூகலிப்டஸ் கம்புகள்தான் இங்கே கிடைக்கும். இரண்டு மழைக்காலத்துக்குள் அடி மக்கிவிடுகிறது. தார் பூசினேன், பழைய இஞ்சின் ஆயில் ஊற்றினேன், பலனில்லை. கரையானா, ஈரமா என்றும் தெரியவில்லை.
– ஒரு வாசகர், கூடலூர் (நீலகிரி)

கரையான் என்றால் மண்பூச்சுக் குழல்கள் கம்பின்மேல் ஏறியிருக்கும், உடைத்தால் உள்ளே வரிவரியாகக் குடைந்திருக்கும். ஈரத்தில் மக்கியது பழுப்பேறி, சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். தேவாலா, பந்தலூர் மழையில் உங்களுடையது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

மக்குவதற்குக் காரணமான பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டும் சேருமிடம் தரைமட்டத்துக்கு மேல் ஒரு சாண், கீழ் ஒரு சாண். ஆழத்தில் காற்றில்லை, உயரத்தில் ஈரமில்லை. பழைய காலைப் பிடுங்கிப் பாருங்கள், நடுவில் இற்றுப்போயிருக்கும், அடிமுனை பல நேரம் கெட்டியாகவே இருக்கும்.

வைரம் பாய்ந்த கட்டை மக்க நாளாகும். வெளிறு, அதாவது வைரம் பாயாத வெளிப்புறக் கட்டை, சீக்கிரம் போகும். நான்கைந்து வயது யூகலிப்டஸ் கம்பில் பெரும்பகுதி வெளிறுதான். அதையும் பட்டையோடு பச்சையாக நட்டால் பட்டைக்கடியில் ஈரம் தங்கி, பூஞ்சைக்கு விருந்து வைத்தது போல. அந்தப் பச்சைக் கம்பின்மேல் தார் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடி போட்டதாகும். தார் தோற்றது இதனால்தான். இஞ்சின் ஆயில் மேல்தோலோடு நின்றுவிடும், உள்ளே இறங்காது, மழையில் கழுவி மண்ணையும் பக்கத்து ஓடையையும் கெடுக்கும். அதை விட்டுவிடுங்கள்.

கம்பைப் பட்டை உரித்து, தரையில் படாமல் இரண்டு கட்டைகள்மேல் அடுக்கி, நிழலில் மூன்று மாதம் காய வையுங்கள். பிறகு சூடான தாரை அடியிலிருந்து, தரைக்கு மேல் அரை அடி வரும் உயரம் வரை இரண்டு கை பூசலாம். நடும்போது குழியின் அடியில் அரை அடிக்கு ஜல்லி போட்டு, அதன்மேல் கம்பை நிறுத்துங்கள். காலடியில் குவியும் சருகையும் களைக்கொத்திய மண்ணையும் அவ்வப்போது விலக்குங்கள். மண் ஏற ஏற, ஈரமும் காற்றும் சேரும் அந்த இடமும் தார் பூசாத பகுதிக்கு ஏறிக்கொண்டே போகும்.

போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கூரை மரத்துக்கு அருமையான மருந்து. மண்ணில் நட்ட காலுக்கு வீண், மழையில் கரைந்து போய்விடும். தொழிற்சாலையில் அழுத்தம் கொடுத்துத் தாமிர, குரோம, ஆர்சனிக் மருந்தேற்றிய கம்பு கிடைத்தால் அதுவே மேல். ஆனால் நீளம் குறைக்க வெட்டினால் வெட்டிய முனையை மேலே வைத்து நடுங்கள். மருந்து நடுவரை போயிருக்காது. மிச்சத் துண்டுகளை அடுப்பிலோ வெந்நீர் பாய்லரிலோ எரிக்கவே கூடாது, ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும்.

கரையானும் இருந்தால் 30.5 சதவீத இமிடாகுளோபிரிட் மருந்தை லிட்டருக்கு சுமார் 2 மில்லி கலந்து, குழி மண்ணை நனைத்து நிரப்பலாம். டப்பாவில் அச்சிட்ட அளவே இறுதி. கிணறு, ஓடை ஓரக் கால்களுக்கு வேண்டாம்.

கம்பைத் தலைகீழாக நட்டால் அதிக நாள் நிற்கும் என்கிறார்களே?
– வாசகி, தென்காசி

மக்குவதற்கு மேலும் தெரியாது, கீழும் தெரியாது. பருத்த முனையைக் கீழே நடுங்கள், அங்கேதான் வைரம் அதிகம். தென்னை, பனை, பாக்கு வேறு ஜாதி: அவற்றுக்கு வைரம் வெளிப்புறத்தில், புறக்காழ். நான்காகப் பிளந்து நடுவிலுள்ள பஞ்சு போன்ற சோற்றைச் செதுக்கி எடுத்த பிறகே கால் ஆக்க வேண்டும்.

முள்கம்பி வேலியின் மூலைக்கால் உள்பக்கம் சாய்கிறது. சாயச் சாயக் கம்பி தொய்கிறது, கம்பியை இறுக்கினால் கால் இன்னும் சாய்கிறது. உதைகால் கொடுத்தும் நிற்கவில்லை.
– ஒரு வாசகர், கம்பம்

உதைகாலை வேலிக்கு வெளியே வைத்திருக்கிறீர்கள் என்று கடிதத்தோடு வந்த படத்தில் தெரிகிறது. கம்பி காலை உள்ளே இழுக்கிறது. வெளியே நிற்கும் உதைகால் அதைத் தாங்காது, ஆணியோடு கழன்றுதான் வரும். உதைகால் கம்பி ஓடும் திசையிலேயே, வேலிக்கோட்டின் மேலேயே நின்று, காலை எதிர்த்துத் தள்ள வேண்டும். மூலையில் இரண்டு திசைக்கும் கம்பி போவதால் உதைகாலும் இரண்டு. வெளியே ஏதாவது வைக்க வேண்டுமென்றால் அது இழுவைக் கம்பியாக இருக்க வேண்டும். உங்கள் ஊர்த் திராட்சைப் பந்தலின் ஓரக்கால்களைப் பாருங்கள், வெளிப்பக்கம் சாய்த்து நட்டு, கம்பியை மண்ணுக்குள் புதைத்த கல்லில் கட்டியிருப்பார்கள். அதே கணக்குதான்.

உதைகால் மூலைக்காலின் முக்கால் உயரத்தில் சேரட்டும், அடி முடிந்தவரை தள்ளி நிற்கட்டும், 45 பாகைச் சரிவு வந்தால் நல்லது. காலை ஒட்டிச் செங்குத்தாக நிறுத்திய உதைகால் இழுப்பு ஏறும்போது காலை மண்ணிலிருந்து நெம்பித் தூக்கிவிடும். சேருமிடத்தில் மூலைக்காலில் ஓர் அங்குலம் வெட்டு எடுத்து உட்கார வையுங்கள், வெறும் ஆணி போதாது. அடிமுனைக்குக் கீழே அகலமான பட்டைக்கல் ஒன்று புதைக்காவிட்டால் முதல் மழைக்கே அது மண்ணில் இறங்கும். முதலில் கம்பி எல்லாவற்றையும் தளர்த்தி, காலை நிமிர்த்தி, உதைகால் கொடுத்து, அதன் பிறகே இறுக்குங்கள். கம்பியை இறுக்கியே காலை நிமிர்த்திவிடலாம் என்று பார்ப்பதுதான் இந்தச் சுற்றின் தொடக்கம்.

மரக் கேட்டின் நுனி தொங்கித் தரையில் உரசுது. குறுக்கே ஒரு சட்டம் அடிச்சும் ஒரு மாசத்துல பழையபடி ஆயிட்டு. கீல் நல்லாத்தான் இருக்கு.
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

சட்டம் எதிர்ச் சரிவில் அடிக்கப்பட்டிருக்கும். மரம் அழுத்தத்தைத் தாங்கும், மூட்டில் இழுப்பைத் தாங்காது. ஆகவே மரச்சட்டம் கீழ்க்கீல் மூலையிலிருந்து புறப்பட்டு, தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலைக்கு ஏற வேண்டும். கம்பியோ கேபிளோ போட்டால் நேர் எதிர்: மேல்கீல் மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்துக் கீழ்மூலைக்கு. நடுவில் ஒரு டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் கொக்கி) மாட்டினால் மழைக்காலத்தில் மரம் ஊதித் தொங்கும்போது இரண்டு திருகில் தூக்கிவிடலாம்.

சரிசெய்யும் முன் கேட்டின் நுனிக்கடியில் ஆப்பு வைத்து, தேவையான மட்டத்துக்குக் கால் அங்குலம் கூடுதலாகவே தூக்கிக்கொள்ளுங்கள். கீல் கால் சாய்ந்திருக்கிறதா என்றும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். சாய்ந்திருந்தால் கேட்டை என்ன செய்தாலும் பயனில்லை. கடற்காற்று படும் வீடு என்றால் சாதா ஆணியும் முலாம் மட்டும் பூசிய போல்ட்டும் சீக்கிரம் துருப்பிடித்து மரத்தையும் கருக்கும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜிஐ போல்ட் அல்லது எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வாங்குங்கள்.

மரக்கால்களுக்குப் பதில் உயிர்வேலி வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?
– ஒரு வாசகர், ஆனைமலை

தொல்லை இல்லாமலில்லை, வேறு தொல்லை. இருக்கும் கால்களை எடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கிளைரிசிடியா மரத்தின் போத்து (வெட்டிய கிளை) நட்டு வாருங்கள். ஆறடி நீளம், மணிக்கட்டுப் பருமன், ஒன்றரை அடி மண்ணுக்குள். மேல்முனையைச் சரிவாகச் சீவினால் தண்ணீர் நிற்காது. தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது நட்டால் வேர் பிடிக்கும். முதல் வருடம் அதில் கம்பி கட்டாதீர்கள், ஆட்டத்தில் வேர் அறும். இரண்டாம் வருடம் கம்பியை அதற்கு மாற்றி, இற்ற கால்களை ஒவ்வொன்றாக எடுக்கலாம். வருடம் இரண்டு முறையாவது கழிக்காவிட்டால் தலை கனத்து அதுவும் காற்றில் சாயும். கழித்த தழை உரத்துக்கு ஆகும்.

மழை குறைந்த கிழக்குப் பக்கத் தோட்டம் என்றால் கிளுவை போதும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளை (மேய்ச்சல் நிலங்களை)ச் சுற்றி நிற்பதெல்லாம் அதுதான்.

வேலி பக்கத்துக் காட்டுக்குள் ஒன்றரை அடி சாய்ந்திருக்கிறது. நிமிர்த்தும்போது எல்லைத் தகராறு வருமோ?
– வாசகி, புளியரை

மேல்முனை சாய்ந்ததால் எல்லை நகராது, கால் மண்ணைத் தொடும் இடம்தான் கணக்கு. ஆனால் பழைய கால் இருந்த குழியும் மண் தள்ளியதில் நகர்ந்திருக்கலாம். ஆகவே பழைய குழியை நம்பாமல், இரு முனையிலும் உள்ள சர்வே கற்களுக்கு இடையே நூல் கட்டிப் பாருங்கள். பக்கத்துக் காட்டுக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள், குழி தோண்டிய பிறகு காட்டுவதைவிட நூல் கட்டும்போது காட்டுவது நல்லது. கல் சாய்ந்தோ புதைந்தோ இருந்தால் நீங்களே எடுத்து நேராக்க வேண்டாம். இங்கே 1923-ம் ஆண்டு சர்வே எல்லைச் சட்டமும், கேரளத்தில் 1961-ம் ஆண்டுச் சட்டமும் அந்தக் கல்லைத் தொட விடுவதில்லை. முறைப்படி மனுக் கொடுத்து சர்வேயரை வரவழைத்து அளந்த பிறகே குழி தோண்டுங்கள். அதுவரை வேலிக்கு இரண்டு முட்டுக் கொடுத்து வைத்தால் போதும்.